டி.சி. என்ற இரண்டெழுத்து



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிரிழந்தார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரச் சொல்லி நடந்த போராட்டம் அது. அந்த நிலத்தில் நிறுவிய அம்பேத்கர் சிலையை அகற்றியதைக் கண்டித்தும் மக்கள் திரண்டிருந்தார்கள். புதிதாக ஒரு சலுகையை அவர்கள் கேட்கவில்லை. 1892இல் அரசே எழுதிக்கொடுத்த ஒன்றை, எழுதியபடி நடத்திக்காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில் என்ன என்பது இங்கே உள்ள மூத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். மாணவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் ஆண்டுதோறும் கூடுகிறோம்.

இந்த ஆண்டு பேசச் சொன்ன பொருள், 1991ஐ ஒட்டிய அரசியல் மாற்றமும் பொருளாதார மாற்றமும், அவற்றோடு சேர்ந்து வளர்ந்த ஊழலும். இதை டெல்லியிலிருந்து தொடங்கிச் சொல்வதுதான் எல்லோருக்கும் பழக்கம். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். ஆனால் தாம்பரத்தில் வந்து நிற்போம். ஏனென்றால் அந்த மாற்றத்துக்கு நம் மக்கள் கொடுத்த விலையை டெல்லியில் நின்று எண்ண முடியாது. தாம்பரம், செங்கல்பட்டு, திருப்போரூர் தாலுகா அலுவலகங்களின் பழைய பதிவேடுகளில்தான் எண்ண முடியும்.

முதலில் தேதிகளை வரிசையாக வைத்துக்கொள்வோம். 1989 தேர்தலில் போபர்ஸ் ஊழலை முன்வைத்து வி.பி. சிங் ஆட்சிக்கு வந்தார். 1990இல் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா அளிக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 7 அன்று மண்டல் பரிந்துரையை ஏற்பதாக அறிவிப்பு வந்தது; நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 21 அன்று டெல்லியில் நரசிம்ம ராவும் ஜூன் 24 அன்று கோட்டையில் ஜெயலலிதாவும் பதவியேற்றார்கள். அடுத்த மாதமே, ஜூலை 24 அன்று, புதிய தொழிற்கொள்கையும் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டும் வந்தன.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒடுக்கப்பட்டோரின் உரிமை சட்டமாகவும் அறிவிப்பாகவும் நாட்டின் நடுவே வந்து நின்ற அதே நேரத்தில்தான் நிலம், தொழில், மூலதனம் எல்லாவற்றின் விதிகளும் மாற்றி எழுதப்பட்டன. 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. தமிழில் தலித் இலக்கியம் என்ற பெயரோடு எழுத்துகள் திரண்டது அந்த ஆண்டுகளில்தான். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. நாம் பேசத் தொடங்கிய நேரமும் நம் காலடி நிலம் விலைபோகத் தொடங்கிய நேரமும் ஒன்றாக இருந்தன.

அந்த ஆண்டுகளின் ஊழல்களும் பெரிய பட்டியல்தான். 1992இல் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை மோசடி. 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்ற ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்த விவகாரம். பணம் வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்தவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2024 மார்ச் வரை, 26 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் 1991 முதல் 1996 வரையிலான ஆட்சியின் வழக்குகள் நாம் அறிந்தவை. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிய முதலமைச்சர் 66.65 கோடி ரூபாய் சொத்து சேர்த்தார் என்ற வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று தண்டனை வந்தது. இடையில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியபோது முதல் குற்றவாளி உயிரோடு இல்லை. அந்த வழக்கின் பெரும்பகுதி நிலம் பற்றியது. பல நிறுவனங்களின் பெயரில் வாங்கிக் குவித்த நிலம்.

நம் புறநகரின் வாசலிலேயே இன்னொரு வழக்கும் இருந்தது. கிண்டித் தொழிற்பேட்டையில் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை 1992இல் முதலமைச்சர் பங்குதாரராக இருந்த நிறுவனமே வாங்கியது. வழிகாட்டி மதிப்புக்கும் குறைவாக வாங்கியதாக வழக்கு. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையை உறுதிசெய்தது. ஆனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்லுமாறும் சொன்னது. இதை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குற்றவியல் சட்டப்படி ஊழல் இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, நிலம் திரும்ப வேண்டும் என்றும் சொல்கிறது. ஊழலைத் தண்டிப்பது ஒரு வேலை, நிலத்தைத் திருப்புவது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பற்றியே நாடு முழுவதும் பேசுகிறது. நம் மக்களுக்கு அவசரம் இரண்டாவது வேலையில்தான்.

ஊழல் என்றதும் நாட்டுக்கு நினைவுக்கு வரும் முகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001இல் ஒளிப்படக் கருவியின் முன்னால் ஒரு லட்சம் ரூபாய் வாங்கியதற்காக, பா.ஜ.க.வின் தலித் தலைவராக இருந்த பங்காரு லட்சுமணனுக்கு 2012இல் நான்கு ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அவர் செய்தது சரி என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் கேமராவில் விழும் ஊழலுக்கு ஒரு முகம் உண்டு, பெயர் உண்டு, சாதி உண்டு. பதிவேட்டில் நடக்கும் ஊழலுக்கு முகமே கிடையாது. ஒரு குறிப்புக் கலம் காலியாக விடப்படும், அவ்வளவுதான். யாரும் பணம் வாங்கியதாகப் பதிவாகாது. ஐம்பது ஏக்கர் போய்விடும்.

அந்தப் பதிவேட்டுக்கு வருவோம். செங்கல்பட்டு ஜில்லா மிராசு முறையின் பிடியில் இருந்த பகுதி. தரிசைத் தர்க்காஸ்து போட்டுக் கேட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரி மக்கள் குடியிருந்த மனை கூட மிராசுதாரருக்குச் சொந்தம் என்று சொல்லப்பட்டது. கூலி கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். இதை நேரில் கண்டு 1891இல் அறிக்கை எழுதியவர் ஜில்லாவின் பொறுப்பு கலெக்டராக இருந்த திரமென்ஹீர். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் வருவாய்த்துறை ஆணை வந்தது. வெள்ளைக்கார அதிகாரியின் இரக்கத்தால் மட்டும் வந்தது என்று அதைச் சொல்லிவிடக் கூடாது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா பின்னாளில் சட்டமன்றத்தில் நம் குரலானார். நிலம் கேட்கும் குரல் இந்த மண்ணிலேயே இருந்தது.

அந்த நிலத்துக்கு வைத்த நிபந்தனை எளிமையானது. முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் மாற்றம் செல்லாது. அரசு நஷ்டஈடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து வருவாய்த்துறையில் அதை டி.சி. நிலம் என்பார்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் கணக்குச் சொல்லிவருகின்றன. அந்த நிபந்தனையை இன்றுவரை எந்த அரசும் ரத்து செய்யவில்லை. அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியிருந்தும் நிலம் நம்மிடம் இல்லை. சட்டத்தை மாற்றாமலேயே நிலத்தை மாற்றியது எப்படி என்பதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் கட்டம் பழையது. கொடுத்தது பெரும்பாலும் மேட்டு நிலம், தரிசு. கிணறு வெட்டப் பணம் இல்லை, மாடு இல்லை. கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய கடனுக்கு நிலம் போக்கியத்துக்குப் போனது. கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது வைத்தவருக்குத் தெரியாது. கணக்குப் பிள்ளையும் மணியக்காரரும் ஊர்ப் பக்கத்து ஆட்கள். ஆனாலும் அதுவரை பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் டி.சி. என்ற இரண்டெழுத்து இருந்தது. அனுபவம் யாருடையதாக இருந்தாலும் உரிமை யாருடையது என்று அந்த இரண்டெழுத்து சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாம் கட்டம் 1979இல் தொடங்கியது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், மக்கள் மொழியில் யு.டி.ஆர். எண்பதுகளின் நடுப்பகுதி தாண்டியும் நடந்தது. இதற்கிடையில் 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, அது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் ஊரின் நிலவரலாறு முழுவதும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே பதிவேடுகளும் புதிதாக எழுதப்பட்டன. யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயரில் பட்டா ஏறியது. பழைய குறிப்புகள் பல இடங்களில் புதிய அ-பதிவேட்டுக்கு வந்து சேரவே இல்லை. எங்கெல்லாம் டி.சி. என்ற இரண்டெழுத்து விடுபட்டதோ அங்கெல்லாம் பஞ்சமி நிலம் ஒரே நாளில் சாதாரணப் பட்டா நிலம் ஆகிவிட்டது.

மூன்றாம் கட்டம்தான் இன்றைய பேச்சுப் பொருள். 1991க்குப் பிறகு அந்தப் பட்டாவுக்கு விலை வந்தது. அதற்கு முன்பே, 1984இல், தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்திருந்தது. இன்று எல்லோரும் மெப்ஸ் என்கிறோம். தொண்ணூறுகளின் நடுவில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் உறுதியாயின. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்காவை வாஜ்பாய் திறந்துவைத்தார். ஜி.எஸ்.டி. சாலை, பழைய மாமல்லபுரம் சாலை, வேளச்சேரி சாலை மூன்றுக்கும் நடுவே உள்ள அத்தனை கிராமங்களிலும் நிலத்தை அளக்கும் மொழியே மாறியது. ஏக்கர், சென்ட் போய் கிரவுண்டு, சதுர அடி வந்தது. ஒரு ஏக்கர் என்றால் சுமார் 18 கிரவுண்டு. வேர்க்கடலையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்காத மேடு என்பதாலேயே வீட்டுமனைக்கு முதல் தரமானது. யாரும் கேட்காத நிலம் என்று நமக்குக் கொடுத்தது, எல்லோரும் கேட்கும் நிலமானது.

இந்தக் கட்டத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதை மாணவர்கள் படிப்படியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் தாம்பரத்துக்குத் தெற்கேயுள்ள காலனிகளில் மனு எழுதி, பதிவேடு பார்த்து, அலைந்து கற்றது இது. முதலில் புரோக்கர் வருவார். யு.டி.ஆர். பட்டாக்காரரிடம் பவர் பத்திரம் வாங்குவார். அடுத்து ஒரு வரைபடம், நடுவில் இருபதடிச் சாலை, முகப்பில் ஒரு நகரின் பெயர்ப்பலகை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் நகரமைப்புத் துறைக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும்தான். ஆனால் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒரு முத்திரை போதும் என்ற நிலை உருவாக்கப்பட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால், பத்திரம் பதிவது மட்டுமே எங்கள் வேலை, உரிமை பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்பார்கள். வருவாய்த்துறையில் கேட்டால், பத்திரம் பதிவாகிவிட்டதே என்பார்கள். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கேட்பார். முப்பது ஆண்டு பின்னால் போனால் யு.டி.ஆர். பட்டா வரைதான் போகும். அதற்குப் பின்னால் இருக்கும் 1892க்கு யாரும் போவதில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் கையெழுத்து போடுகிறார், ஒவ்வொருவர் கையெழுத்தும் முந்தையவரின் கையெழுத்தைச் சாட்சியாகக் காட்டுகிறது. ஐந்தாவது கையெழுத்தில் நிலம் சுத்தமாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் எங்கே எவ்வளவு பணம் கைமாறியது என்று நம்மால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பஞ்சமி நிலம் திரும்ப வர, லஞ்சத்தை நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டினால் போதும். ஊழல் எதிர்ப்பு அரசியலுக்கும் நிலமீட்பு அரசியலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது குற்றவாளியைத் தேடுகிறது. குற்றவாளி ஆட்சி மாறும்போது மாறிவிடுகிறார். பின்னது சர்வே எண்ணைத் தேடுகிறது. சர்வே எண் ஓடிப்போவதில்லை.

ஆட்சி மாறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு நம் பகுதியிலேயே உதாரணம் உண்டு. திருப்போரூர் பக்கம் சிறுதாவூரில் 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 20 தலித் குடும்பங்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நிலம் பிறர் கைக்குப் போனது பற்றி விசாரிக்க 2006இல் நீதிபதி கே.பி. சிவசுப்பிரமணியம் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆனால் ஊடகங்களிலும் மேடைகளிலும் விவாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: முன்னாள் முதலமைச்சர் தங்கும் பங்களா அந்த நிலத்துக்குள் இருக்கிறதா, இல்லையா? 20 குடும்பங்களும் என்ன ஆனார்கள், கூலிக்கு எங்கே போகிறார்கள் என்பது யாருக்கும் செய்தி இல்லை.

2019இல் காட்சி திரும்பியது. ‘அசுரன்’ படத்தைத் தி.மு.க. தலைவர் பாராட்டினார். முரசொலி அலுவலகம் இருக்கும் இடமே பஞ்சமி நிலம் என்று பா.ம.க. நிறுவனர் பதிலுக்குச் சொன்னார். பட்டாவைக் காட்டி மறுப்பு வந்தது. சில வாரங்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் ‘மூலப்பத்திரம் எங்கே’ என்று கேட்டது. நமக்கு மகிழ்ச்சியாகக் கூட இருந்தது. பஞ்சமி என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்ட இளைஞர்கள் பலர் அப்போது நம்மைத் தேடி வந்தார்கள். ஆனால் அந்த விவாதத்தில் இரு தரப்பிலும் எவரும் ‘எங்கள் மாவட்டத்துப் பழைய பதிவேடுகளைத் திறந்து வைக்கிறோம், எல்லோரும் வந்து பாருங்கள்’ என்று சொல்லவில்லை. பெரிய கட்சிகளுக்குப் பஞ்சமி நிலம் எதிராளி மீது எறியும் கல். எறிந்து முடித்ததும் மறுபடி மண்ணில் கிடக்கும். இதற்கு முன் 2011 தொடக்கத்தில் பஞ்சமி நிலங்களைக் கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு அமைத்தார்கள். சில மாதங்களில் ஆட்சி மாறியது. குழுக்கள் வந்து போயின, நிலம் வரவில்லை.

அரசுக்கு நிலத்தைக் கணக்கெடுக்கும் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. உடனே பதிவுச் சட்டத்தின் மேல் கவனம் வந்தது, விதிகள் வந்தன, இணையத்தில் விண்ணப்பம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய ஓராண்டுக்குள் ஏற்பாடு ஆனது. வீடு வாங்கியவர்களின் கஷ்டம் உண்மையானது. அதற்கு வழி செய்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஓராண்டில் இதைச் செய்ய முடிந்த அரசால் 130 ஆண்டு பழைய நிபந்தனையை ஏன் செய்ய முடியவில்லை என்றுதான் கேட்கிறோம்.

வரன்முறை என்ற இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் நம் பகுதியில் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’. ஒரு காலத்தில் தெற்கே பரந்து கிடந்த பள்ளிக்கரணைக் கழிவெளியில் குப்பைமேடும் சாலைகளும் நிறுவனங்களும் வந்தபின் எஞ்சியது சிறு பகுதிதான். 2022இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கின. ஏரி உள்வாயிலும் ஓடையிலும் மனை போட்டது யார், அனுமதித்தது யார் என்று விசாரிப்பதற்குப் பதிலாக அடையாற்றங்கரைக் குடிசைகள்தான் முதலில் எடுக்கப்பட்டன. மக்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய இடம் பெரும்பாக்கம்; அதுவும் சதுப்பின் ஓரம். அதற்கு முன்பே 2000 முதல் கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேல், பிறகு செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேல் குடும்பங்கள் குடியேற்றப்பட்டிருந்தார்கள். 2025 மே மாதம் அனகாபுத்தூரிலும் ஆற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் வாரிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் கொடுத்த ஆணை காகிதத்தில் உயிரோடு இருக்க, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் புறம்போக்கில் குடியிருந்ததற்காக அகற்றப்படுகிறார்கள்.

வேலைவாய்ப்பு வந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது, அதை மறுக்கக் கூடாது. மெப்ஸில் தைத்த பெண்களின் கூலியில் நம் காலனிப் பிள்ளைகள் பலர் படித்தார்கள். ஊர்த் தெருவில் குனிந்து நின்றவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அந்த விடுதலை சிறியதல்ல. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா 2014 நவம்பரில் மூடிவிட்டது. மறைமலை நகர் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. வேலை வந்தது போலவே போனது. கம்பெனி போனாலும் கம்பெனியின் நிலத்துக்கு விலை இருக்கிறது. வேலை போனவனுக்குத் திரும்பிப் போக ஒரு அரை ஏக்கர் இருந்திருந்தால் அவன் அடுத்த ஒப்பந்தக்காரரிடம் பேசும் குரலே வேறாக இருந்திருக்கும். நிலம் வெறும் விளைச்சலுக்கு மட்டுமல்ல என்பதை அம்பேத்கரை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022இல் இளம் தலித் பெண் ஒருவர் முதல் மேயராக அமர்ந்தார். அன்று நம் தெருக்களில் பட்டாசு வெடித்தது, வெடிக்க வேண்டியதுதான். ஆனால் மாநகராட்சி வரி வசூலிக்கலாம், சாலை போடலாம். பட்டா வருவாய்த்துறையிடம், பத்திரம் பதிவுத்துறையிடம், திட்ட அனுமதி வேறு குழுமத்திடம். நாற்காலி நம் கைக்கு வரும்போது நாற்காலிக்குக் கீழே இருந்த நிலம் வேறு மேசைக்குப் போயிருக்கிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் விவாதமின்றி நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் நாம் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். பெரிய திட்டத்துக்காக நீர்நிலையையும் ஓடையையும் சேர்த்து ஒரே நிலமாக்கலாம் என்கிறது அது. அடுத்த யு.டி.ஆர். இப்படித்தான் வரும்.

என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். மூன்று கோரிக்கைகளும் ஒரு வேலையும் சொல்லிமுடிக்கிறோம்.

முதலாவது, கிராமவாரியாக யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகளையும் ஒப்படைப் பதிவேடுகளையும் அரசு இணையத்தில் வெளியிட வேண்டும். இன்றைய பட்டாவைக் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. நேற்றைய பதிவேட்டைப் பார்க்க ஏன் மனு போட்டு ஆறு மாதம் நடக்க வேண்டும்?

இரண்டாவது, தனிச் சட்டம். ஆந்திரத்தில் 1977இலும் கர்நாடகத்தில் 1978இலும் ஒப்படை நிலம் கைமாறுவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கர்நாடகச் சட்டம் செல்லும் என்று 1984இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில் இன்னும் வருவாய் நிலை ஆணைகளையும் பழைய அரசாணையையும் நம்பித்தான் நாம் வாதாடுகிறோம். சட்டம் வந்தால் அதில் வீடு கட்டிக் குடியிருக்கும் எளிய மக்களைத் தெருவில் விடாத வழியும் இருக்க வேண்டும். மனை விற்றவரிடமும் அனுமதித்தவரிடமும் வசூலித்து, உரிய குடும்பங்களுக்கு அதே வட்டத்தில் ஈடான நிலம் கொடுக்கலாம். ஓய்வூதியத்தைப் போட்டு வீடு கட்டிய ஆசிரியரையும் நிலம் இழந்த கூலித் தொழிலாளியையும் மோதவிட்டு நடுவில் மனை வியாபாரி நழுவ நாம் இடம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியலினத்தவரின் நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பதும் அனுபவத்தைத் தடுப்பதும் குற்றம். அடிதடி, கொலை வழக்குகளுக்கு மட்டுமே நினைவுக்கு வரும் இந்தச் சட்டத்தை நிலத்துக்கும் பயன்படுத்த வேண்டும்.

வேலை என்று சொன்னது மாணவர்களுக்கு. உங்கள் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலனியைச் சுற்றியுள்ள சர்வே எண்களைக் குறியுங்கள். இன்றைய எண்ணுக்குப் பழைய எண் என்ன என்று ஒப்புநோக்கும் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய அ-பதிவேட்டின் நகலும், குறிப்புக் கலத்தோடு சேர்த்து, கேளுங்கள். கலத்தை விட்டுவிட்டு நகல் கொடுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று எடுங்கள்; முதல் விற்பனை யாரிடமிருந்து யாருக்கு என்று பாருங்கள். காலனியில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உட்கார்ந்து, எந்தக் கொல்லை யாருடையது, எப்போது எதற்காகப் போனது என்று ஒலிப்பதிவு செய்யுங்கள். காகிதமும் நினைவும் ஒரே சர்வே எண்ணில் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நாங்கள் பார்த்த ஊர்களில் அப்படிச் சந்திக்கும் இடங்கள் இருக்கின்றன. மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். காகிதம் கரையான் தின்கிறது. எனவே இது அடுத்த ஆண்டு நினைவுநாளுக்குத் தள்ளிப்போடும் வேலை அல்ல.

நம் இலக்கியம் நம் வலியை எழுதியது. அது தொடரட்டும். அதோடு இந்த எண்களையும் எழுதுவோம்: சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, ஒப்படை பெற்றவர் பெயர், குறிப்புக் கலத்தில் இருந்த இரண்டெழுத்து. அடுத்த அக்டோபரில் நாம் கூடும்போது குறைந்தது பத்து கிராமங்களின் பட்டியலாவது இந்த மேடையில் வாசிக்கப்பட வேண்டும். ஜான் தாமஸும் ஏழுமலையும் கேட்ட நிலத்துக்கு அதுவே முதல் விண்ணப்பமாக இருக்கட்டும்.